எல்லாரும் வரலாம்

போன கிழமை கைத்தொலைபேசியில் ஒரு கலியாணம் வந்து விழுந்தது. நாதஸ்வரம் வாசிக்கிறது, மல்லிகைப்பூ மேலிருந்து கொட்டுகிறது, மாப்பிள்ளையும் பொம்பிளையும் கடற்கரையில் ஓடுகிறார்கள். கடைசியில் பொன்னெழுத்தில் ஒரு வரி: இதனை நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும். அனுப்பியவர் எங்களைப் போலவே லண்டன் மனோர் பார்க்கில்தான் இருக்கிறார், இரண்டு தெரு தள்ளி. அந்த இரண்டு தெருவை நடக்க அவருக்கு என்ன கேடு என்று நான் கேட்கப் போவதில்லை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றினால், எனக்கே மறுபடி மாட்ட மனம் வருவதில்லை.

"இஞ்சருங்கோ, போவமோ?" என்று கேட்டாள் பவானி, என் மனைவி.

"வந்து சொல்லேல்லையே."

"உங்கடை சொல்லுறதும் நீங்களும். அந்தக் கடையிலை இருந்து பட்டது காணாதே?"

காணும்தான். தாராளமாகக் காணும்.

லண்டனுக்கு வருவதற்கு முன் நாங்கள் சஃபோக் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் கடை வைத்திருந்தோம். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு ஊர் மண்டபம், ஒரு கடை. அந்த ஒரு கடை நாங்கள். கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு. பவானி மேலே கத்தரிக்காய் பொரித்தால் கீழே தபால் முத்திரை வாங்க வந்தவர் மூக்கைத் தூக்கிப் பார்ப்பார். காலையில் கதவைத் திறந்ததும் வருவது அச்சு மையும் பன்றி இறைச்சியும் நனைந்த நாயும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் மழையில் நனைந்த நாயொன்று பஸ்ஸில் ஏறினால் எனக்கு ஆர்தரின் நினைவுதான் வரும். அது அவருக்குப் பெருமையோ தெரியாது.

நாய் ஆர்தருடையது. மனைவியை இழந்த கிழவர், மகள் மார்கரெட்டோடு தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். ஒவ்வொரு நாளும் பத்திரிகை வாங்க வருவார். வாங்கிய பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஊர் அறிவித்தல்களைச் சத்தமாக வாசிப்பார். எல்லாம் அவருடைய சொந்த மகள் தட்டச்சு செய்தவை, வீட்டிலேயே ஒருமுறை வாசித்திருப்பார். எனக்காகத்தான் வாசித்தார் என்று நினைக்கிறேன். என் ஆங்கிலம் அப்போது அந்த நிலையில் இருந்தது.

மார்கரெட்தான் அந்த ஊரின் செய்தி இலாகா. மாதம் ஒரு செய்தித்தாள் போடுவார், நாலு பக்கம், ஓரத்தில் ஊசிக்கம்பி. அதை நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பேன். பெரிய வீட்டு ஆமை மறுபடியும் காணாமல் போய்விட்டது, கண்டவர்கள் தூக்க வேண்டாம், தானாக வரும். தேவாலய மணிக்கூட்டை நம்பி யாரும் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். பூசணிக்காய்ப் போட்டியில் சென்ற வருடம் நடந்தது இந்த வருடம் நடக்கக் கூடாது. சென்ற வருடம் என்ன நடந்தது என்று கடைசிவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், நான் அந்தத் தாளை எழுத்துக்கூட்டி முழுவதும் வாசிப்பேன். எங்கள் நாட்டிலிருந்து அந்த யுத்த நாளில் வந்த செய்திகள் உங்களுக்குத் தெரிந்தவைதானே. ஆமை காணாமல் போவது செய்தியாகிற ஊரில் சீவிக்கக் கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நன்றி.

மண்டபத்தில் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். சீட்டாட்டம், பழைய சாமான் விற்பனை, கோடைக்கொண்டாட்டம், அறுவடை விருந்து. ஒவ்வொரு அறிவித்தலும் ஒரே மாதிரித்தான் முடியும்: எல்லாரும் வரலாம். நான் அதை என் கையாலேயே கண்ணாடியில் ஒட்டுவேன். ஒட்டிவிட்டு, போகாமல் இருப்பேன்.

எப்படிப் போவது? ஒருவரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லையே. எங்கள் பக்கத்தில் கலியாணம் போன்ற நன்மைக்கு அழைப்பதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, "கட்டாயம் வந்திட வேணும்" என்று சொல்ல வேண்டும். வீதியில் கண்டு சொன்னால் அது குறை. என் பெரியப்பா ஒருவர் சொந்தத் தம்பி மகளின் கலியாணத்துக்கே போகாமல் இருந்தவர். வாசல் படலையில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்த இரத்தம்தான் எனக்கும். எல்லாரும் வரலாம் என்று கண்ணாடியில் ஒட்டினால் அது யாருக்குச் சொன்னது? கண்ணாடிக்குச் சொன்னது. தின்மை அப்படியில்லை. செத்த வீட்டுக்கு ஒருவரும் அழைப்பு வைப்பதில்லை, கேள்விப்பட்டால் போக வேண்டியதுதான்.

இந்தக் கொள்கையால் எனக்கு நட்டமில்லை. கடைக்கு ஆட்கள் வருவார்கள், வானிலை கதைப்பார்கள், என் பாடு போயிற்று. நட்டப்பட்டது பவானி. நிறையச் சகோதரங்களுக்குள், எந்நேரமும் ஆள் வந்துபோகிற வீட்டில் பிறந்தவள். அந்த ஊருக்கு வந்து மேல்மாடி ஜன்னலில் நின்று மண்டபத்து வெளிச்சத்தைப் பார்ப்பாள். கதிரை மேசை இழுபடுகிற சத்தமும் சிரிப்பும் அங்கிருந்து கேட்கும்.

"ஒருக்கால் போய்ப் பாத்தால் என்ன?"

"ஆரும் சொல்லேல்லை, என்னெண்டு போறது?"

"எனக்குக் கதைக்க இந்த ஊரிலை ஒரு சீவன் இல்லை. மிளகாய்த்தூள் போத்தலோடை கதைக்கிறன். எனக்கு விசர் பிடிக்கப்போகுது."

அந்தக் கோடை முடிகிற நேரம் அவள் அலமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கினாள். "மாரிக்கு முதல் நான் அண்ணையிட்டைப் போயிடுவன். நீர் கடையைப் பாரும்." அண்ணை மனோர் பார்க்கில் இருந்தார். கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். 'நீங்கள்' என்று கூப்பிடுகிறவள் 'நீர்' என்றாள், அதையும் மெதுவாகச் சொன்னாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்படியும் அந்த மண்டபப் படியை ஏறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. மானம் என்பது பெரிய சாமான். வைத்திருக்கிறவனுக்கும் பாரம், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் பாரம்.

ஊர்ச்சனம் என்ன நினைத்தது என்று பிறகுதான் அறிந்தோம். இவர்கள் தனிமையை விரும்புகிறவர்கள் போலிருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்று விலகி நின்றிருக்கிறார்கள். அது அவர்களுடைய மரியாதை. அழையாமல் போகாதது எங்களுடைய மரியாதை. இரண்டு பக்கமும் இவ்வளவு மரியாதை பார்த்ததில் ஒரு பெண் மிளகாய்த்தூளோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

சூட்கேஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தபடி கிடந்த நாட்களில்தான் ஆர்தர் போய்ச் சேர்ந்தார். நித்திரையிலேயே போய்விட்டாராம். மார்கரெட் அனுப்பிய அறிவித்தலை நான்தான் ஒட்டினேன். வியாழக்கிழமை தேவாலயத்தில் இறுதி வழிபாடு, குடும்பத்தினர் மட்டும். வாசித்துத்தான் ஒட்டினேன். பவானிக்கும் சொன்னேன்.

"குடும்பம் மட்டும் எண்டு போட்டிருக்கு."

"செத்த வீட்டிலை ஆர் அதெல்லாம் பாக்கிறது? ஒவ்வொரு நாளும் வாசல்லை நிண்ட மனிசன். போகாமல் விடுறதே?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. கண்ணாடியிலுள்ள எழுத்தை நன்மைக்கே மதிக்காதவர்கள் தின்மைக்கு மதிப்போமா? கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். பவானி வெள்ளைச் சேலை, நான் வெள்ளைச் சேட். உள்ளே ஒரு கைப்பிடி ஆட்கள், அத்தனை பேரும் கறுப்பு. பின்வரிசையில் போய் இருந்தோம். மார்கரெட் திரும்பிப் பார்த்தார். அவருடைய தம்பி பீட்டரும் திரும்பிப் பார்த்தார். முடிந்ததும் எங்கள் வழக்கப்படி போய்வருகிறோம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டோம். செத்த வீட்டில் விடைபெறக் கூடாது. அந்த வெள்ளைக்காரர்களின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். அழையாமல் வந்தார்கள், வெள்ளை உடுத்து வந்தார்கள், ஒரு சொல் பேசாமல் போனார்கள்.

அடுத்தநாள் முத்திரை வாங்க வந்த ஒரு அம்மா எனக்கு விளங்கப்படுத்தினார், மிகவும் அன்பாக. குடும்பத்தினர் மட்டும் என்றால் இந்த நாட்டில் குடும்பத்தினர் மட்டும்தானாம். எனக்கு முகம் சுட்டது. பவானிக்குச் சொன்னேன். அவள் சேலைகளை மடிக்கத் தொடங்கினாள்.

சில நாள் கழித்து மார்கரெட் நாயோடு கடைக்கு வந்தார். பத்திரிகை எடுக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஒருவரையும் கூப்பிடாத இடத்துக்கு நீங்கள் வந்தீர்கள். எல்லாரையும் கூப்பிட்ட இடங்களுக்கு ஒருநாளும் வரவில்லை. கடைக்காரருக்கு எங்களைப் பிடிக்கவில்லையா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்."

கோபமாகக் கேட்கவில்லை. அழுதுவிடுவாரோ என்றிருந்தது. நான் என் உடைந்த ஆங்கிலத்தில் நன்மை தின்மை இரண்டையும் விளங்கப்படுத்தினேன். கலியாணமென்றால் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், சாவென்றால் சொல்லவே தேவையில்லை, நாங்கள் வருவோம்.

"சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?"

"தெரிய வரும். ஊர் இருக்கிறதே."

அவர் குனிந்து நாயைத் தடவினார். பிறகு, "அப்பாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவு தட்டுப்பட்டது. கடைக் கதவல்ல, பக்கத்தில் ஒருவரும் தட்டாத வீட்டுக் கதவு. மார்கரெட், தொப்பியும் நல்ல கோட்டும் போட்டு, கையில் பிளம் ஜாம் போத்தலோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பவானியைப் பார்த்து, பாடமாக்கி வந்தவர் போலச் சொன்னார்: "சனிக்கிழமை அறுவடை விருந்து. நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும்." பவானி அவருடைய கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். தேத்தண்ணி போட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் ஒரு கைக்குட்டைக்குள் கட்டிவிடலாம், ஆனாலும் அன்றைக்கு மார்கரெட் எழும்ப வெகுநேரமாயிற்று. நான் கீழே கடையில் நின்று மேலே கேட்ட சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பவானி அப்படிச் சிரித்து நெடுநாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமென்ன, சொல்கிறேன்.

விருந்துக்குப் பவானி உழுந்து வடை கொண்டுபோனாள். பாதிரியார் அதைக் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் வெட்டிச் சாப்பிட்டார். சூட்கேஸ் மறுபடி அலமாரிக்கு மேலே ஏறியது.

அதன்பிறகு மார்கரெட் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சீட்டாட்டம், பழைய சாமான் விற்பனை, ஏன், வீதியோர வேலி வெட்டுவது பற்றிய கூட்டத்துக்குக்கூடத் தொப்பி போட்டு, வீட்டுக் கதவைத் தட்டி, நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லுவார். பவானியும் ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி போடுவாள். செய்தித்தாளில் ஒருமுறை எங்கள் செய்தியும் வந்தது: கடைக்காரரின் மிளகாய்ச் செடி காய்த்திருக்கிறது, தொட்டவர்கள் கண்ணைத் தொட வேண்டாம்.

இதெல்லாம் சில வருடம்தான். சூப்பர்மார்க்கெட் வான் வீட்டு வாசலுக்கே சாமான் கொண்டுவரத் தொடங்கியது. கிழவர்கள் போனார்கள், அவர்களுடைய வீடுகள் சனி ஞாயிறுக்கு வருகிறவர்களுக்குப் போயின. கடையை விற்றுவிட்டு மனோர் பார்க்குக்கு வந்தோம். முதலில் மாதம் ஒருதரம் தொலைபேசி. பிறகு கிறிஸ்மஸுக்கு ஒரு வாழ்த்து. பிறகு ஷிப்ட், பிள்ளைகள், முதுகுவலி. மறக்கவில்லை, களைத்துப்போனோம். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

போன இலையுதிர்காலத்தில் பவானி பிடிவாதம் பிடித்ததால் ஒருமுறை போனோம். கடை இப்போது வீடு. நாங்கள் அறிவித்தல் ஒட்டிய கண்ணாடிக்குத் திரைச்சீலை போட்டிருக்கிறார்கள். மண்டபத்தைப் பிரித்து அடுக்கு வீடு ஆக்கிவிட்டார்கள். மார்கரெட்டின் வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு இளைஞன், நல்ல பிள்ளை. இந்த ஊரில் தனக்கு ஒருவரையும் தெரியாது என்றான். ஊர்ச் செய்தியெல்லாம் ஏதோ ஒரு குழுவில் போடுகிறார்களாம், அவன் பார்ப்பதில்லையாம். வீட்டை விற்ற தம்பி பீட்டரின் தொலைபேசி இலக்கம் மட்டும் அவனிடம் இருந்தது.

காருக்குள் இருந்துதான் பவானி அந்த இலக்கத்துக்கு எடுத்தாள், எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில். அதற்கு முந்தைய வருடமே மார்கரெட் காலமாகிவிட்டார் என்றார் பீட்டர்.

"ஏன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை?" என்று கேட்டாள் பவானி. இப்போது அவளுக்கு நல்ல ஆங்கிலம், அவ்வளவும் மார்கரெட்டின் ஆங்கிலம்.

"உங்கள் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். அவள்தான் வேண்டாம் என்றாள். இதற்கு அவர்களுக்குச் சொல்லக் கூடாது, அவர்கள் தாங்களாகவே வருவார்கள் என்றாள். கடைசிக் கிழமைகூட அதைச் சொன்னாள். தேவாலயத்தில் உங்கள் இருவருக்கும் குடும்பத்தோடு முன்னால் இடம் விட்டு வைத்திருந்தோம்."

தெரிய வரும், ஊர் இருக்கிறதே என்று சொன்னவன் நான். அந்த ஊர் இப்போது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. இங்கே கலியாணம் கையிலேயே வந்து விழுகிறது. சாவும் அப்படித்தான், கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். ஒருவர் செத்தால் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு வந்து, ஒருவரும் சொல்லியனுப்பாமல் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த அந்தச் செய்தி எந்த இடத்தில் நின்றுபோனதென்று எனக்குத் தெரியவில்லை.

லண்டன் வெளிச்சம் தெரியத் தொடங்கிய நேரம் பவானி கேட்டாள்.

"அந்த இடம் ரெண்டும் வெறுமையாத்தானே கிடந்திருக்கும், என்ன?"

"ஓம்," என்றேன்.