வரைபடத்தில் மட்டும் நின்ற கட்டடம்

அந்த வரைபடம் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. லண்டனில், ஓரிடத்தில் வெந்நீர் காய்ச்சிக் குழாய்வழி தெரு முழுக்க அனுப்பிக் கட்டடங்களைச் சூடாக்கும் திட்டம். வெப்பம் அதிகம் தேவைப்படும் இடமெல்லாம் சிவப்பு. நடுவிலிருந்த பெரிய அலுவலகக் கட்டடம் பழுத்த மிளகாய்ச் சிவப்பு. அது சேர்ந்தால்தான் குழாய் போடக் கட்டுப்படியாகும். போட்டால்தான் பக்கத்திலிருந்த கவுன்சிலின் வாடகைக் குடியிருப்புக்கு விடிவு. குளிர்காலம் வந்தாலே அங்கே பாய்லர் படுத்துவிடும். மூன்று மாதம் உட்கார்ந்து அதை வரைந்த எரிசக்திப் பொறியாளர் அடியேன்தான். அதை என்னளவுக்கு ரசித்தவர் வேறு யாருமில்லை.

அதை விளக்க நான் வைத்த கூட்டத்துக்கு, கட்டட அனுமதி தரும் பிளானிங் பிரிவை நான் அழைக்கவில்லை. அவர்கள் வந்தால் கூட்டம் நீளும் என்பது என் பேரறிவு. அறைச் சாவி அவர்களிடம் இருந்ததால், கதவு திறக்க வந்த அதிகாரி வரைபடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அண்ணை, உந்தப் பெரிய கட்டடத்தை இடிக்க அனுமதி குடுத்தாச்சு. உங்கட வரைபடத்திலதான் அது இன்னும் உயிரோட நிக்குது."

"எப்போ?"

"போன மாசம். லாம்ப் போஸ்ட்டில நோட்டீஸ் கட்டினம். நீங்கள் அதுக்குப் பக்கத்திலதானே பஸ்ஸுக்கு நிக்கிறனீங்கள்?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்; வேறு வழி? ஆனால் திட்டம் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த இடத்தில பிளாட்ஸ் கட்டுறவையின்ர விண்ணப்பம் என்ர மேசையிலதான் கிடக்கு. உங்களுக்கு என்ன வேணும் எண்டு எழுதித் தாங்கோ."

பதினொரு பக்கம் எழுதினேன். அவர் அதை நான்கு வரியாக்கினார்: அடித்தளத்தில் குழாய்க்கு வழி, வெப்பத்தை வாங்கும் கருவிக்கு ஓர் அறை, பொதுக் குழாயோடு கட்டாய இணைப்பு. கட்டுபவர்கள் வழக்கறிஞரோடு வந்தார்கள். "இடம் விடாமல் கட்ட ஏலாது" என்ற ஒரே பதிலை அவர் மாதக்கணக்கில் அலுக்காமல் சொன்னார். கடைசியில் இடம் விட்டார்கள்.

கட்டடம் எழுந்து, இப்போது குழாயில் வெந்நீர் ஓடுகிறது. சென்ற ஜனவரியில் அந்தக் கவுன்சில் குடியிருப்புக்கு இருவரும் போனோம். அதற்கு முந்தைய குளிர்காலம்வரை வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியுமாக இருந்த ஒருவர், அரைக்கைச் சட்டையில் கதவு திறந்தார். உள்ளே ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அத்தனை வெப்பமும் லண்டன் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்குள்ளிருந்த பொறியாளர் வாயைத் திறக்கப் போனார்.

"அண்ணை," என்றார் பிளானிங் அதிகாரி, என் கையைப் பிடித்து, "இண்டைக்கு ஒரு நாள் பேசாமல் இருங்கோ."

இருந்தேன். பெருமையில் எனக்கும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது.