வெள்ளைக் கட்டை அனிதா

“மேல் வரியிலருந்து படிச்சுக்கிட்டே வாங்க” என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, மரிய அனிதா கண்ணாடிப் பெட்டியின் மேல் பத்து விரல்களையும் வைத்து வாசிக்க ஆரம்பித்துவிடுவார். படிப்பவர் வேகமாகப் படித்தால் விரல்களும் வேகமாக ஓடும். கீழ் வரிக்கு வந்ததும் அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு தடுமாறினால், விரல்கள் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து காத்திருக்கும். எழுத்து பிடிபட்டதும் ஒரு தட்டுத் தட்டி அடுத்த வரிக்குப் போகும். காரைக்குடியில் பக்கவாத்தியத்தோடு கண் பரிசோதனை நடக்கும் கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பெட்டிக்குள் இருக்கும் பிரேம்கள் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருப்பதாக முதலாளிக்கு வருத்தம் உண்டு. அனிதாவிடம் சொன்னால், “நானா வாசிக்கிறேன்? அதுக பாட்டுக்கு வாசிக்குது” என்று விரல்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார். ஊருக்கெல்லாம் மூக்குக்கு அளவெடுத்துக் கண்ணாடி மாட்டிவிடும் இவருடைய கண்ணாடி மட்டும் எப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கும். கைகள் வேலையாக இருப்பதால் தோளைத் தூக்கி, தலையைச் சாய்த்து, தோளாலேயே அதை மேலே தள்ளிக்கொள்வார். முதல்முறை பார்க்கிறவர்கள் கழுத்து சுளுக்கோ என்று விசாரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு இவர்தான். பாடகர் குழுவுக்குத் தலைவி சகாயம்மாள். அந்த அம்மாளுக்குக் குரல் இருக்கிறது, பக்தி இருக்கிறது. சுருதி மட்டும் அன்றன்றைக்கு ஆண்டவர் கொடுப்பது. முதல் சரணம் ஓர் ஊரில் ஆரம்பித்தால் இரண்டாவது சரணம் பக்கத்து ஊரில் இருக்கும். வேறு யாராவது வாசித்தால் என்றைக்கோ சண்டை வந்திருக்கும். அனிதாவோ, “நீங்க எங்குட்டு வேணா எடுங்கம்மா, நான் வந்து சேந்துக்கிறேன்” என்பார். அதே மாதிரி இரண்டாவது வரிக்குள் வந்து சேர்ந்தும்விடுவார். இந்த அக்காவுக்கு எல்லாச் சுருதியும் அத்துப்படி என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன்.

இந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் கருத்தையா இவரைத் தேடி வந்தார். கருத்தையா காரைக்குடி–சாக்கோட்டை மினி பஸ்ஸின் கண்டக்டர். ஐம்பதைத் தொட்டவர். போன வருடம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். பஸ்ஸுக்குத் திரும்பிய முதல் நாள், வழக்கம்போல விசிலை வாயில் வைத்து ஊதியிருக்கிறார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை ஊதினார், இருமல்தான் வந்தது. பஸ் அப்படியே நிற்க, பின் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் கையைத் தட்டி, “போலாம் ரைட்!” என்று கத்தி வண்டியைக் கிளப்பிவிட்டாராம். அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் ரைட் சொல்வது பயணிகள்தான். கருத்தையா விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டவர் மறுபடி வெளியே எடுக்கவில்லை. “அது கெடக்கட்டும் தாயி. அன்னிக்கு மானத்த வாங்கிருச்சு” என்பார்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். இழுத்து இழுத்து அது அலுத்துப்போய், போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற அருளானந்தம் மாஸ்டரின் மாலை வகுப்பில் ட்ரம்பெட் படிக்கச் சேர்ந்துவிட்டார். “கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போறானாம்” என்று டிரைவர் கேலி செய்தார். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை கருத்தையா. மாணவர்கள் வாசிக்கும் ஆண்டு விழாவில் தானும் ‘மார்ச்’ என்கிற அணிவகுப்பு இசை ஒன்றை வாசிப்பதென்று முடிவு செய்து, அதைப் பஸ்ஸிலேயே அறிவித்தும்விட்டார். “சாக்கோட்டை எறங்குறவுக எறங்குங்க. இந்த மாசக் கடசி ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் ட்ரம்பெட் ஊதுறேன், எல்லாரும் வந்துருங்க.”

மற்ற மாணவர்கள் போனில் பதிந்த பின்னணி இசையோடு வாசிக்கப் போகிறார்கள். கருத்தையாவுக்கு அது ஒத்துவராது. போன் நிற்காது, அவருக்கோ நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டும். எத்தனை தடவை, எந்த இடத்தில் என்று அவருக்கே தெரியாது.

“நீங்க எங்குட்டு வேணா நில்லுங்கண்ணே. நான் அதையே திருப்பித் திருப்பி வாசிச்சுக்கிட்டு நிப்பேன்” என்றார் அனிதா. கருத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடை அடைக்கும் மதிய நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீபோர்டைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தார்கள். பெட்டியை ஒரு தடவை தட்டினால் நிறுத்து, இரண்டு தடவை தட்டினால் கிளம்பு. கண்டக்டருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லாத பாஷை.

விழா நடக்கும் இடம், விடுதியாக மாறிய ஒரு பெரிய வீட்டின் ஹால். வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அங்கே இருக்கும் பியானோவை வாசிக்க வேண்டும். “முதலாளியோட ஐயா பினாங்குலருந்து கப்பல்ல கொண்டாந்தது. ஆரும் தொடாம கெடக்கு. வாசிச்சுக் கேக்கணும்னு முதலாளி ஆசைப்படுறாக” என்றார் மேலாளர் அழகுசுந்தரம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அதைப் பார்க்க அனிதா போனபோது, கடையில் வழக்கம்போலச் சும்மா உட்கார்ந்திருந்த என்னையும் கூட்டிப்போனார். விழாவில் எனக்கும் ஒரு பொறுப்பு தந்திருந்தார்: மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வது. எனக்குத் தெரிந்த சங்கீதத்துக்கு அதுவே அதிகம்.

பியானோ மீதிருந்த பூச்சாடியையும் பீங்கான் பூனையையும் இறக்கிவிட்டு, அனிதா மூடியைத் திறந்தார். கட்டைகளைத் தொடவில்லை. இடது ஓரம் பார்த்தார், வலது ஓரம் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பின்பக்கம் போய்ச் சுவருக்கும் பியானோவுக்கும் நடுவில் தலையை விட்டுப் பார்த்தார்.

“என்னம்மா தேடுறீக, பிளக் பாயிண்டா? இதுக்குக் கரண்டு வேணாமே” என்றார் அழகுசுந்தரம்.

“இல்லண்ணே, சும்மா... நல்ல மரம்” என்று சொல்லிவிட்டு அனிதா மூடியைச் சாத்தினார்.

வெளியே வந்து ஸ்கூட்டியை எடுக்கும்போதுதான் உண்மை வந்தது. “சார், அதுல பொத்தான் இல்ல.”

எந்தப் பொத்தான் என்று கேட்டேன். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் விரல்கள் பழைய இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ நகர்ந்துகொள்ளும். சகாயம்மாள் எந்த ஊருக்குப் போனாலும் அனிதா பின்னாலேயே போய்ச் சேர்ந்த ரகசியம் இந்தப் பொத்தான்தான். “எனக்கு வெள்ளக் கட்ட மட்டுந்தான் சார் தெரியும். கருப்பெல்லாம் அழகுக்குன்னு விட்டுட்டேன்.”

ட்ரம்பெட்டில் ஒரு கோணல் உண்டு. அதில் ‘சி’ என்று எழுதியதை ஊதினால், பியானோ கணக்கில் அது ஒரு முழுச் சுரம் கீழே, ‘பி பிளாட்’டில் கேட்கும். அதனால் கருத்தையாவின் மார்ச்சுக்குப் பியானோவில் இரண்டு கருப்புக் கட்டைகள் வேண்டும். இதுவரை பொத்தான் பார்த்துக்கொண்டது. கருத்தையாவை வேறு சுருதியில் ஊதச் சொல்லலாமே என்றேன். “அவருக்கு ஒரே ரூட்டு சார். மாத்திவிட்டா எறங்கத் தெரியாது” என்றார். மாஸ்டரிடம் சொல்லவும் மனம் வரவில்லை. எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த பிறகு ஒன்றும் தெரியாது என்று சொல்வது எளிதா என்ன? தன் மானம் போனால்கூடப் பரவாயில்லையாம். “பாவம் சார், பஸ்ஸே வருது. இன்னொரு தடவ அவரு அவுக முன்னாடி நின்னு முழிக்கக் கூடாது.”

அந்த ஒரு வாரம் கண்ணாடி வாங்க வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். கீபோர்டு நாள் முழுக்கக் கடையிலேயே இருந்தது. அந்தப் பொத்தான் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிரேமில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்கள் கருப்புக் கட்டைகளில் ஏறியிருந்தன. நெடுநாள் பழகிய விரல்கள் வெள்ளையிலேயே போய் விழும். அனிதா அவற்றை ஓங்கி அடிப்பார். “ஏறித் தொலயேன்!” என்று கட்டைவிரலைத் திட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த ஒரு பெரியவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பரிசோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை மதியம் மார்ச் முழுவதும் தப்பில்லாமல் வந்தது. அனிதா தோளால் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, “சார், இப்ப நான் நெசமாவே வாசிக்கிறேன்” என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் சாக்கோட்டைப் பயணிகள். கை தட்டி ரைட் சொன்ன அம்மாள் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். கருத்தையா வெள்ளைச் சட்டையில் வந்து, ட்ரம்பெட் பையைப் பழக்கதோஷத்தில் டிக்கெட் பை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டே மேடையேறினார். நான் தாளைப் பிடித்தேன். அனிதா முன்னிசையை ஆரம்பித்தார். விரல்கள் கருப்பில் ஏறி இறங்கின, ஒரு தப்பு இல்லை. நானே நிமிர்ந்து நின்றேன்.

கருத்தையா ஊதினார். ஐயோ, அதை எப்படிச் சொல்ல? பஸ் ஸ்டாண்டில் இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் ஹாரன் அடிப்பது போல இருந்தது. தன் மேல்தான் தப்பு என்று நினைத்து அவர் இன்னும் அழுத்தி ஊதினார். முன் வரிசையிலிருந்து மாஸ்டர், “ஸ்லைட இழு! ஸ்லைட இழு!” என்று சைகை காட்டினார். சுருதியைச் சற்றே இறக்குவதற்காக இருக்கும் அந்தக் குழாயைக் கருத்தையா பதற்றத்தில் இழுத்த இழுப்பில், அது கையோடு வந்துவிட்டது. பயணிகள் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு இருமல் தொடங்கியது. பைக்குள் விசில் போன அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அனிதா பியானோவை ஒரு தடவை தட்டினார். நிறுத்து.

“அண்ணே, அதச் சொருகுங்க. தண்ணி குடிங்க. ஒண்ணும் அவசரமில்ல.” அவர் குடித்து முடித்ததும், “உங்க மொதச் சத்தத்த மட்டும் குடுங்க. நீங்க எங்குட்டு வேணா எடுங்க, நான் வந்து சேந்துக்கிறேன்” என்றார். கருத்தையா ஒரே ஒரு சுரத்தை ஊதிப் பிடித்தார். கோயிலில் சகாயம்மாளைத் தேடுவது போலவே, அனிதா ஒரு விரலால் கட்டை கட்டையாகத் தேடினார். தான் படித்த கருப்பில் அது இல்லை. பக்கத்து வெள்ளையில் இல்லை. அதற்கடுத்த வெள்ளையில் இருந்தது. ‘சி’.

பினாங்கிலிருந்து வந்த பியானோ, யாரும் முறுக்காமல் கிடந்து கிடந்து, கம்பியெல்லாம் தளர்ந்து சரியாக ஒரு முழுச் சுரம் இறங்கியிருந்தது. பொத்தான் செய்யும் வேலையை அது தானாகவே செய்து வைத்திருந்தது. வெள்ளைக் கட்டை போதும்!

நிம்மதிப் பெருமூச்சை எதிர்பார்த்து அனிதாவின் முகத்தைப் பார்த்தேன். அங்கே இருந்தது எரிச்சல். “பாவிப் பெட்டி, ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். பிறகு இரண்டு தடவை தட்டினார்.

மார்ச் கிளம்பியது. மூன்று இடங்களில் கருத்தையா நின்றார். அனிதா அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருந்தார். பாட்டே அப்படித்தான் போலும் என்று சபை தலையாட்டியது. கடைசிச் சுரத்தைக் கருத்தையா நீட்டியபோது, முன் வரிசை அம்மாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்த கைதட்டலில் பீங்கான் பூனையே விழுந்திருக்கும், நல்லவேளை இறக்கி வைத்திருந்தோம்.

மாஸ்டர் மேடைக்கு வந்து, “பி பிளாட்டு அப்பிடியே சுத்தமா விழுந்துச்சும்மா, கருப்புக் கட்டையில கை என்னமா ஓடுது!” என்று பாராட்டினார். அனிதா தோளால் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டார்.

கூட்டம் பலகாரம் சாப்பிட முற்றத்துப் பக்கம் போய்விட்டது. நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அனிதா பியானோவை விட்டு எழுந்திருக்கவில்லை. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த மார்ச்சின் முதல் வரியைக் கருப்புக் கட்டைகளில் மெல்ல வாசித்தார். வாசலில் கருத்தையா, கையில் வெள்ளைப் பணியாரத் தட்டோடு நின்றார்.

“நம்ம பாட்டுத்தான தாயி இது? என்ன, கீழ எறங்கிப் போகுது?”

“இதுதான்ணே நான் படிச்சது” என்றார் அனிதா. “ஒரு வாரம் படிச்சேன். ஒருத்தரும் கேக்கல.” கையைக் கட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

கருத்தையா தட்டை என்னிடம் கொடுத்தார். முதல் வரிசையின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து, வேட்டி நுனியில் துடைக்கப் போய், பேண்ட் போட்டிருப்பது நினைவு வந்து சட்டையிலேயே துடைத்தார். வாயில் வைத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார்.

இரண்டு விசில். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, தெளிவாக, இரண்டு விசில்.

அனிதா குனிந்து பார்க்காமலே கையை இறக்கினார். முதல் விரல் போய் விழுந்தது கருப்புக் கட்டையில்.