கிறேஸின் அடுப்புக்கு வந்த மரங்கள்

1932இல் தேயிலை விலை விழுந்தபோது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பலருக்குப் பேர் வெட்டினார்கள். அப்படி வேலை இழந்தவர்களில் மனுவேலும் அவன் மனைவி கிறேஸும் இருந்தார்கள். மற்றவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறப் போனார்கள். மனுவேலுக்கு அங்கே போய் நிற்க ஒரு வீடு இல்லை. ஆறு வயது மகள் பெற்றீசியாவைக் கூட்டிக்கொண்டு இருவரும் கண்டிக்கு நடந்தார்கள். கட்டுக்கலையில் ஒரு முஸ்லிம் வீட்டின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது.

தோட்டத்தில் கிறேஸ் விறகைப் பற்றி யோசித்ததே இல்லை. கவ்வாத்து முடிந்த மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள் கிடக்கும். மிலாறு என்பார்கள். ஒரு கட்டுக் கட்டித் தலையில் வைத்து வந்தால் நாலு நாளைக்குப் போதும். டவுனில் அப்படி ஒன்றும் கிடக்கவில்லை. கண்டி வாவிக்கு மேலே உள்ள காட்டில் சுள்ளி பொறுக்கப் போனவளைக் காவற்காரன் துரத்தினான், கத்தியையும் பிடுங்கிக்கொண்டான்.

அந்தத் தெருமுனையில் சுவக்கின் பாஸின் தச்சுப்பட்டறை இருந்தது. அலுமாரியும் கதிரையும் செய்கிற இடம். தரை நிறைய வெட்டுத்துண்டுகள் கிடப்பதைப் பார்த்துக் கிறேஸ் வாசலில் நின்றாள்.

"இதெல்லாம் என்ன செய்வீங்க, பாஸ் ஐயா?"

"ஏன், வேணுமா? அந்திக்கு வந்து பட்டறையைக் கூட்டிக் குடுங்க. வேண்டியதை எடுத்துட்டுப் போங்க."

அன்றிலிருந்து அவளுடைய அடுப்பில் பணக்கார வீட்டு மரங்கள் எரிந்தன. ஒரே பானை, ஒரே அளவு தண்ணீர். கொதி வரும்வரை செபமாலை உருட்டி, எத்தனை பத்து மணிகள் போயின என்று எண்ணுவாள். சப்பு மரம் குபீரென்று எரிந்து இரண்டு பத்து முடிவதற்குள் அணைந்துவிடும். பலா நிதானமாக எரியும். தேக்கு பற்றிக்கொள்ளும், ஆனால் அதன் வாடை சோற்றில் ஏறியதுபோல் இருக்கும். முதிரைதான் நல்ல சூடு; அதன் தணல் வெகுநேரம் நிற்கும். கருங்காலி லேசில் பற்றாது. பற்றிவிட்டால் மறுநாள் காலையில் சாம்பலைக் கிளறினாலும் உள்ளே சிவப்பு இருக்கும்.

மனுவேல் இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

"என்ன இருந்தாலும் மிலாறு மாதிரி வருமா?" என்பான்.

அவனுக்குக் குண்டசாலையில் ஒரு கொக்கோத் தோட்டத்தில் நாட்கூலி வேலை கிடைத்திருந்தது. திரும்பும்போது கொக்கோக் கிளைகளைச் சுமந்து வருவான். அவை தணல் நிற்காமல் சாம்பலாகத்தான் போயின. ஒருநாள் எங்கிருந்தோ ஒரு புளியமரத்து வேரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அதைப் பிளக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முதல் பத்து முடிந்து இரண்டாவது தொடங்கும்போதே பானை பொங்கி வழிந்தது.

"இப்ப சொல்லு, ஒங்க பாஸ் ஐயாகிட்ட இப்படி ஒண்ணு இருக்கா?" என்றான். கிறேஸ் சிரித்துக்கொண்டே மூடியை எடுத்தாள்.

1934இல் மழை பொய்த்தது. மகாவலி வற்றிக் குட்டை குட்டையாக நின்றது. மார்கழிக்கு முன்பே கொக்கோத் தோட்டத்தில் பாதிப்பேர் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தார்கள். மனுவேலும் நடுங்கிக்கொண்டு வந்து படுத்தான். வைத்தியசாலையில் நீண்ட வரிசையில் நின்று கிறேஸ் கொயினா மருந்து வாங்கி வந்து கொடுத்தாள். தேறினான். மறுபடி வேலைக்குப் போனான். மறுபடி விழுந்தான்.

அந்த நாட்களில் பட்டறையில் முதிரையும் கருங்காலியும் கிடைக்கவில்லை. சுவக்கின் பாஸ் கதிரை செய்வதை நிறுத்திவிட்டுச் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தார். தரையில் சப்பும் மாம்பலகையும்தான் கிடந்தன. குழந்தைகளின் பெட்டிக்கு வெட்டியதில் மிஞ்சியவை எவையென்று கிறேஸுக்குப் பார்த்ததும் தெரியும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலையில் மனுவேல் இறந்தான். கிறேஸ் பட்டறைக்குப் போனாள்.

"மாம்பலகைதான் இருக்கு, அம்மா. அதுவும் காயல" என்றார் சுவக்கின். "பலா வேணும்னா நாளைக்கு வத்தேகமவிலிருந்து வரும்."

"நாளைக்கு வரைக்கும் வைக்க முடியாது. மாம்பலகையிலேயே செய்ங்க."

"நீளம்?"

அவள் தன் தலைக்கு மேலே கையை உயர்த்தி அளவு காட்டினாள். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தியில் வழக்கம்போலக் கூட்டப் போனாள். மூலையில் காயாத மாம்பலகைத் துண்டுகள் நாலைந்து தனியாகக் கிடந்தன.

"அதை எடுக்காதீங்க" என்றார் சுவக்கின். "நான் வேற தர்றேன்."

"மரம்தானே, பாஸ் ஐயா" என்று சொல்லிப் பொறுக்கினாள்.

ஈர மரம் சீறியது. நுனியில் நுரை தள்ளியது. வீட்டுக்காரர் மனைவி ஸக்கியா மூடிய தட்டில் சோறு கொண்டுவந்தவள், புகையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன புள்ள இது? மூணு நாளைக்காவது அடுப்பு மூட்டாம ஈங்களேன். நாங்க ஈக்கிறோமே."

"விறகு சேந்துபோச்சு, அக்கா."

ஸக்கியா தட்டை வைத்துவிட்டுப் பெற்றீசியாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கிறேஸ் கையில் செபமாலை இருந்தது. மணிகள் நகர்ந்தன, வாயில் சொல் வரவில்லை. ஐந்து பத்தும் முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தபோதும் தண்ணீர் கொதிக்கவில்லை. அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

அவள் எப்போது அழுதாள் என்று யாருக்கும் தெரியாது. ஸக்கியா அறிந்தவரை அழவே இல்லை. பெற்றீசியாவுக்குத் தலை வாரிவிடுவாள், பட்டறையைக் கூட்டுவாள், பூசைக்குப் போவாள். யாராவது பேசினால் பதில் சொல்லுவாள்.

அடுத்த வருடம் சுவக்கின் பாஸ் சொல்லி, கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. பெற்றீசியாவையும் அங்கேயே படிக்கச் சேர்த்தார்கள். மடத்துக்கு வண்டிகளில் வரும் விறகைப் பார்த்து இறக்குவதும் கிறேஸின் பொறுப்பானது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்பாள். மந்தமாகக் கேட்டால் ஈரம். வண்டிக்காரர்கள் அவளிடம் வாதாடுவதில்லை.

1937இல் ஒரு காலை விறகு கொண்டுவந்தவன் கறுப்பையா. ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பக்கத்து லயத்தில் குடியிருந்தவன்.

"கிறேஸக்காவா? இங்கயா இருக்கீங்க? தோட்டத்துல திரும்ப ஆள் எடுக்குறாங்க, தெரியுமா? கங்காணிகிட்ட நான் சொல்றேன். வாங்க, பேர் பதிஞ்சிரலாம். அண்ணன் எங்க?"

"செத்துட்டாரு. ரெண்டு வருசமாச்சு."

கறுப்பையா தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "அப்ப நீங்களும் பிள்ளையும் வாங்களேன்" என்றான்.

கிறேஸ் யோசித்துப் பார்த்தாள். போகவேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

"பிள்ளை இங்க படிக்குது" என்றாள். "இறக்குங்க, பார்ப்போம்."

பாதி பலா, பாதி ரப்பர். ரப்பரில் கொஞ்சம் பச்சை. அவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போன பிறகு, பச்சையை வெயில் விழும் பக்கமாகப் பிரித்து அடுக்கினாள். முடிக்க நடுப்பகலாகிவிட்டது.