வெல்லம் கரைக்காத அமாவாசை

குளத்தில் முழங்கால் நீரில் நின்றபடி, உள்ளங்கையிலிருந்த வெல்லத்தை அண்ணி முறைத்துப் பார்த்த பார்வைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஐம்பதுகளின் திருவள்ளூர். கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோயும் பாவமும் கூடவே கரையும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பட்டணத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த என் அண்ணன் திரும்பிவர வேண்டுமென்று, அமாவாசை தவறாமல் அண்ணியைக் குளத்துக்கு அனுப்புவாள் அம்மா. துணைக்கு நான், பள்ளிப் புத்தகமும் கையுமாக.

எங்கள் பாடத்தில் ஒரு பழைய கவிதை இருந்தது. இன்னொருத்தி வீட்டிலிருந்து திரும்பும் கணவனைக் கண்டு மனைவி கதவடைக்கிறாள், ஊடுகிறாள், கடைசி வரியில் திறந்துவிடுகிறாள். அவளுடைய பெருந்தன்மையை விளக்கி எழுத வேண்டும். படியில் உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன். அண்ணி விடமாட்டாள். அவன் இல்லாத நாளெல்லாம் இவள் என்ன சாப்பிட்டாள், யாரிடம் அழுதாள், அதையெல்லாம் புலவர் ஏன் பாடவில்லை என்று குடைவாள். எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். பரீட்சைக்கு அதெல்லாம் வராது அண்ணி என்பேன்.

“ஊடல்னு அழகா பேரு வச்சிட்டா வலி போயிடுமா? தப்பு பண்ணது ஒங்கண்ணன். வெல்லம் கரைக்கிறது மட்டும் நானா?” என்றாள் அந்த அமாவாசையன்று. வெல்லத்தை உடைத்துப் பாதியை என் வாயில் திணித்துவிட்டு, மீதியைத் தான் தின்றாள். சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறியது.

வீட்டுக்கு வந்தால், பெட்டியோடு அண்ணன் நிற்கிறான். “பாத்தியா, வெல்லம் கரைச்ச பலன்!” என்று அம்மா பூரித்துப் போனாள். அண்ணி அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

“ஆம்பள அப்படி இப்படித்தான் இருப்பான். அதான் வந்துட்டான் இல்ல, கதவத் தொறம்மா” என்று அம்மா கெஞ்சினாள்.

திறந்தது. துணி மூட்டையோடு அண்ணி வெளியே வந்தாள். “நான் இந்த மாதிரி போயிட்டு வந்தா, ஒங்க புள்ள தொறப்பாரா அத்தே?” என்று கேட்டாள். பொன்னேரியிலிருந்த தாய்வீட்டுக்குப் போனவள்தான். அதன்பின் அவளை நான் பார்க்கவேயில்லை. அவள் பேச்சை எடுக்கக்கூட எங்கள் வீட்டில் விடமாட்டார்கள்.

அந்தக் கவிதையை இப்போதும் எடுத்துப் படிக்கிறேன். கடைசி வரியில் கதவு திறக்கும். அவன் உள்ளே போவது எனக்குத் தெரிவதேயில்லை. வெளியே வருகிற அண்ணிதான் தெரிகிறாள். நில்லுங்கள் அண்ணி, நானும் வருகிறேன் என்று சொல்லத் தோன்றுகிறது.