பழசு என்று நான் சொன்ன பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு வரவேற்பு அளிக்கப்படும். ஒரு தடவை அல்ல, ஒன்றரை வருடமாக வாராவாரம். திருவனந்தபுரத்தில், ஆரியசாலைக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு வாசகசாலையின் மாடியில் நான் இசை வரலாறு நடத்துகிறேன். வருபவர்கள் பதினெட்டுப் பேர், எல்லாரும் வயது வந்தவர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசகசாலைச் செயலாளர் சசிதரன் எழுந்துவிடுவார். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, மதுரையிலிருந்து வந்திருக்கும் சங்கீத அறிஞர் என்று என்னை எனக்கே அறிமுகப்படுத்துவார். வகுப்பு முடிந்ததும் இன்னொருவர் எழுந்து நன்றி சொல்வார். நன்றியில் நான் வருவேன், வந்தவர்கள் வருவார்கள், மின்விசிறியைச் சரிசெய்து தந்தவர்கூட வருவார். முதல் மாதம் என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், "சார், வாராவாரம் இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் முகம் வாடிவிட்டது. வரவேற்பில் குறை வைத்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த வாரம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதன்பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் நண்பர்கள் சிரிப்பீர்கள். மதுரையில் ரயில் ஏறித் தூங்கி விழித்தால் திருவனந்தபுரம், இதற்குப் போய்ப் புலம்பெயர்வு என்று பெரிய பெயரா என்பீர்கள். துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கிறவர்கள் இன்னும் சத்தமாகச் சிரிக்கலாம். சிரியுங்கள். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி வசந்திக்கு நான்கு வருடத்துக்கு முன்பு இங்கே மாற்றல் வந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் இருபது வருடம் பார்த்த விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தேன். வலியசாலையில் வாடகை வீடு. காலையில் அவள் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போன பிறகு நான் என்ன செய்வது என்று தெரியாமல் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். அப்படி நடந்தபோது கண்ணில் பட்டதுதான் இந்த வாசகசாலை. பேப்பர் படிக்கப் போனவனைப் பேச்சுக் கொடுத்து, ஒரே மாதத்தில் ஆசிரியராக்கிவிட்டார் சசிதரன்.

மதுரை வகுப்பில் நான் இருமினால் அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நடத்திப் பழகியவன் நான். கேள்வி உண்டா என்று கேட்டால் எல்லாரும் பெஞ்சைப் பார்ப்பார்கள். இங்கே நான் கேட்கவே வேண்டாம். வகுப்பறை நீளத்துக்கு ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பாட்டையும் போட்டுக் காட்டிவிட்டு, அதன் பெயரை அட்டையில் எழுதித் துணி கிளிப்பால் கயிற்றில் மாட்டுவோம். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. கோயில் நடையில் நின்று பாடுவது, ஐரோப்பியத் தேவாலயத்து ஆர்கன், நம் கீர்த்தனை, பருத்திக்காட்டில் அடிமைகள் பாடியது, நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு, ராப் என்று எல்லாம் அதில் தொங்குகிறது. ஒவ்வொரு அட்டைக்கும் அரைமணி நேரச் சண்டை. ஊர்வலத்தில் பாடுவதும் சங்கீதம்தான், அதற்கு ஏன் அட்டை இல்லை என்பார் சசிதரன். கிதார் வாசிக்கும் ஆர்யா என்ற பெண், தான் வாசிக்கும் ஹெவி மெட்டல் கூச்சலுக்கும் அந்த ஆர்கனுக்கும் ஒரே வம்சம் என்று வாசித்தே காட்டி என்னை வாயடைக்கச் செய்தாள். எனக்குக் கோபம் வரும். வீட்டுக்குத் திரும்பும்போது, மதுரையில் இருபது வருடத்தில் ஒருத்தன்கூட என்னோடு சண்டை போடவில்லையே என்று ஏக்கமாகவும் இருக்கும்.

இந்த வகுப்பில் ஒரே ஒருவர் சண்டை போடமாட்டார். பாக்கியம் அக்கா. பொன்முடி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே கொழுந்து பறித்தவர். சில வருடங்களாக ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மிளகாய் காம்பு கிள்ளுகிறார். ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பையோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவரவர் வீட்டுப் பக்கம் பாடும் பாட்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று ஒருமுறை எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அவர் முறை வந்தபோது எழுந்து, "இது எங்க லயன்ல எல்லாரும் பாடுறதாக்கும்" என்று தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் பாடினார்.

"மூணாம் வளவுல மூடுபனி, நாலாம் வளவுல நாந்தனி" என்று போகிறது பாட்டு. மலைப்பாதையில் அவர்கள் லயன் வரைக்கும் பதினொரு வளைவு, வளைவுக்கு ஒரு வரி. மொத்தம் நாலே சுரம். வரிக்கு முடிவில் குரல் சட்டென்று கீழே விழுந்து நின்றுவிடும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மலையாளம் கேட்டுக் கேட்டுக் காய்ந்துபோயிருந்த காதில் அந்தத் தமிழ் விழுந்ததும் கண் கலங்கியதையும் மறைக்க விரும்பவில்லை. செல்போனில் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு ஓடினேன். தோட்டத்துக்கு முதன்முதலில் ஆள் பிடித்து வந்தார்களே, அவர்கள் நடந்தே மலையேறியபோது பாடிய பாட்டு இது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாலு சுரத்துக்குமேல் போகாத பாட்டு பழசாகத்தானே இருக்கவேண்டும்? 'நாந்தனி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முதல் தலைமுறையின் தனிமையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். 'காலம் நூறு ஆண்டுகளுக்கு முன், இயற்றியவர் பெயர் தெரியவில்லை' என்று போட்டு, மதுரையில் என் பழைய கல்லூரி நடத்தவிருந்த கருத்தரங்குக்குச் சுருக்கத்தை அனுப்பினேன். பழைய வாய்மொழி இசை பற்றிய கருத்தரங்கு. துறையில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், இந்தக் கட்டுரை நன்றாக அமைந்தால் பேசிப்பார்க்கலாம் என்றும் துறைத்தலைவர் போனில் சொன்னார். அன்று சாயங்காலம் கடைக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாரும் பாடி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. நாலாவது ஞாயிறு வீட்டுப் பாட்டுகளைக் கயிற்றில் மாட்டும் நாள். பாக்கியம் அக்காவின் பாட்டை நானே எடுத்து, கோயில் பாட்டுக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில் மாட்டினேன். மதுரைக் கருத்தரங்கைப் பற்றிச் சொன்னேன். இதைப் பாடியவர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள், யாரென்று இனி நமக்குத் தெரியப்போவதில்லை என்று கொஞ்சம் குரல் தழுதழுக்கவும் பேசினேன். கடைசி வரிசையில் சந்தைப் பை அசைந்தது.

"சாரே, அது நான் உண்டாக்கின பாட்டாக்கும்" என்றார் பாக்கியம் அக்கா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எல்லாரும் பாடுறதுன்னு சொன்னீங்களே அக்கா?"

"இப்போ எல்லாரும் பாடுது. உண்டாக்கினது நான். மகளை டவுன்ல நர்சிங் படிக்க ஹாஸ்டல்ல விட்டிட்டுத் திரும்பும்போ பஸ்ஸு போயாச்சு. தலையில அரிசிச் சாக்கு. அழுதிட்டே ஏறினேன், பாடிட்டே ஏறினேன். அவ இப்போ மஸ்கட்ல இருக்கா."

"நாலு சுரம்தானே இருக்கு..." என்று இழுத்தேன்.

"சாக்கு வெச்சிட்டு ஏறிப் பாருங்க சாரே. அதுக்கு மேல போனா மூச்சு முட்டும், கேட்டா?"

வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. ரோடு போட்ட பிறகு வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு வைத்திருக்கிறார்களே, பாட்டில் வருவது அந்த நம்பர்தானே, "சாரு பொன்முடி கண்டிட்டில்லே?" என்று கேட்டார் சசிதரன். நான் பார்த்ததில்லை. வலியசாலை வீட்டில் மேசைமுன் உட்கார்ந்தே மலையேறியிருந்தேன். "அப்போள் ஹிஸ்டரியில் கேறான் மரிக்கணோ சாரே?" என்றாள் ஆர்யா. வரலாற்றுக்குள் வர வேண்டுமானால் செத்துத்தான் ஆக வேண்டுமா என்கிறாள். எல்லாரும் சிரித்தார்கள், பாக்கியம் அக்காவைத் தவிர. அவர் கயிற்றின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மதுரையில சொல்லும்போ என் பேரு சொல்லுவீங்க இல்லியா?" என்று மட்டும் கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

சொல்வது சுலபமாக இல்லை. கருத்தரங்கு பழைய பாட்டுக்கானது. பெயர் போட்டால் பாட்டு புதிதாகிவிடும், புதிதானால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாவிட்டால் மதுரை இல்லை. இரண்டு நாள் இதை மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தேன். 'இயற்றியவர் பற்றி மாறுபட்ட கருத்து உண்டு' என்று ஒரு வரி சேர்த்துத் தப்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன். வசந்தியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "பேரு இருக்கிறவளுக்குப் பேரு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் நீங்க மதுரைக்குப் போகணுமா?" என்றாள். நான் ஊருக்குத் திரும்பவேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் அவள். இந்த ஊருக்கு என்னை இழுத்துவந்துவிட்டோம் என்ற குறை அவளுக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கே திருத்தி எழுதி அனுப்பினேன்: பாட்டு புதியது, இயற்றியவர் உயிரோடிருக்கிறார், பெயர் பாக்கியம், நான் எழுதிய காலக்கணக்கு தப்பு. ஒரு வாரத்தில் பதில் வந்தது. உயிரோடிருப்பவர்களின் பாடல்கள் கருத்தரங்கின் வரம்புக்குள் வராதாம். காலியிடத்தைப் பற்றித் துறைத்தலைவர் பிறகு பேசவே இல்லை.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன்பே பாக்கியம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எனக்காகவேண்டியா மதுரைக்குப் போகாம ஆச்சு?" என்று சங்கடப்பட்டார். உங்களால் இல்லை, என் காதால் என்றேன். கயிற்றில் பாட்டை இடம் மாற்றி மாட்டவேண்டும், முழுப்பாட்டையும் எழுதி அடியில் உங்கள் பெயரையும் எழுதிக் கொடுங்கள், உங்கள் கையெழுத்தே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்தது. மறுவாரம் சந்தைப் பைக்குள்ளிருந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

பிரித்துப் பார்த்தேன். தாள் நிறைய வட்டவட்டமாக மலையாள எழுத்து.

"எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது சாரே. ஸ்கூல்ல மலையாளந்தானே படிச்சது" என்றார்.

நான்கு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட மலையாள எழுத்து பஸ் போர்டு அளவுக்குத்தான். ஜன்னலோரம் இருவரும் உட்கார்ந்தோம். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மூ, ணா, ம் என்று கூட்டிக் கூட்டிப் படித்தேன். தடுக்கிய இடத்தில் அவர் சொல்லிக் கொடுத்தார். அந்நிய எழுத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக என் வாயில் தமிழாக வந்து விழுந்தது. பதினொரு வளைவும் ஏறி முடிக்க வெகுநேரமாயிற்று. கடைசி வரிக்குக் கீழே அவர் பெயர் இருந்தது. அதையும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.