அம்மா எடுத்த வாக்குத்தத்த அட்டை

தென்காசி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். குற்றாலத்துக்குக் குளிக்கப் போன என் மகன் டேனியல், மேலகரம் பக்கம் பைக்கோடு விழுந்துவிட்டான். இன்னும் கண் திறக்கவில்லை. நர்ஸ் தந்த அவனுடைய பர்ஸில், புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை சாரலில் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

என் சிறுவயதிலும் புத்தாண்டுக் காலையில் போதகர் அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து நீட்டுவார். வருடம் முழுவதற்கும் கடவுள் தரும் வசனம் என்று ஆளுக்கொன்று எடுப்போம். தம்பி மஞ்சள் காமாலையில் கிடந்த வருடம், அம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். கர்த்தர் கூடவே இருப்பார் என்ற வசனம்.

"எம்புள்ள பொழச்சிக்கிட்டான்" என்று அழுதாள். சோற்றுப் பருக்கையை நசுக்கி, அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் அதை ஒட்டினாள்.

பங்குனி வெயிலில் தம்பியை அடக்கம் செய்தோம்.

"வசனம் எடுத்தியே, என்னாச்சு மைனி?" என்றாள் அத்தை.

அடுத்த புத்தாண்டிலும் அம்மா தட்டை நோக்கி நடந்தாள். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். "போன வருசம் ஏமாந்தது போதாதாம்மா?"

"பொழைப்பான்னு நாந்தாம்ட்டி நெனச்சேன். அவரு கூட இருப்பேன்னுதான் சொன்னாரு. இல்லன்னா அவன மண்ணுல வச்சிட்டு வந்து ஒங்களுக்குச் சோறு பொங்கிருப்பனா?"

அன்று எனக்குப் புரியவில்லை. இன்றும் முழுதாக நம்ப முடியவில்லை. மகன் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெந்த ஜெபமும் காலையிலிருந்து வாயில் வரவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "டேனியல் அம்மா யாரு? டாக்டர் கூப்பிடுதாரு."

"கூட வாரும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.