ஜாடிக்குள்ள இருந்த கொரங்கு

நான் படிச்சது ரெண்டாங்கிளாசு. அதுக்கப்புறம் மெடிக்கல் காலேஜுல பதினோரு வருசம். தொடப்பத்தோட.

வில்லியனூர் பக்கம் அந்தக் காலேஜு. பொணம் அறுத்துப் படிக்கிற ஹால கூட்டுறது என் வேல. அங்க அலமாரில ஒரு கண்ணாடி ஜாடி. மருந்துத் தண்ணிக்குள்ள ஒரு கொரங்குத் தல, கழுத்தோட. ஒரு பக்கம் தோல உரிச்சு, பச்ச நரம்புக்குள்ள நீலக் கலரு ஏத்தி வச்சிருந்தாங்க.

வாத்தியாரு பசங்களுக்குச் சொல்றத கூட்டிக்கினே கேப்பேன். மூஞ்சிலேர்ந்து வர்ற நரம்பும் காதுகிட்டேர்ந்து வர்றதும் தாடைக்குக் கீழ சேந்து கழுத்துல எறங்குதாம். நமக்கும் கிட்டத்தட்ட அப்டித்தானாம். அழுதாலும் சிரிச்சாலும் பொடைக்குமாம்.

எனக்கு செலியமேட்டுல வூடு. நான் மட்டுந்தான். பையன் பிரான்சுல. அதக் கேட்ட அன்னிக்கு கண்ணாடி முன்னாடி நின்னு ஹா ஹான்னு சிரிச்சுப் பாத்தேன். ஒண்ணும் பொடைக்கல. பொய்ச் சிரிப்புன்னு நரம்புக்கே தெரிஞ்சிபோச்சி.

அப்புறம் கொரங்கு கூடத்தான் பேச்சு. ஜாடி தொடைக்கறப்ப, "இன்னாடா, இன்னிக்கும் தல வாரலியா"ன்னுவேன். பதிலே வராது. என் பையன் மாதிரிதான். ஆனா மூஞ்சி எதிர்ல இருக்கும்.

போன மாசம் பிளாஸ்டிக் மாடல் வந்துச்சு. பழசெல்லாம் ஆஸ்பத்திரிக் கழிவு போடற மஞ்சப் பையில கட்டி எரிக்க அனுப்பப் போறாங்கன்னாங்க. எங்க ஊர்ல கொரங்கு செத்தா மாலை போட்டு, பால் ஊத்திப் பொதைப்போம். எரிக்க மாட்டோம். வாத்தியாருகிட்ட போனேன்.

"சார், அத எனுக்குக் குடுங்க. பொதைச்சிடறேன்."

"ரூல்ஸ் வுடாது ஆயா. மருந்துல ஊறினது, மண்ணு கெட்டுடும். அது செத்தே முப்பது வருசம் இருக்கும்."

"முப்பது வருசமா ஒருத்தரும் பால் ஊத்தலியா? அப்ப அவசரந்தான் சார்."

சிரிச்சிட்டாரு. கழுத்துல நரம்பு நல்லா பொடைச்சிச்சு. ஆனா குடுக்கல.

சரி, கழிவு வண்டில ஏத்தறப்பவாவது ரெண்டு சொட்டு ஊத்தலாம்னு, வண்டி வர்ற அன்னிக்குப் பால் பாக்கெட்டு வாங்கினேன். மூலக்குளத்துல பஸ்ஸு நின்னுபோச்சி, டிராபிக்கு. நான் போறதுக்குள்ள வண்டி போயிடுச்சி. அலமாரில ஜாடி இருந்த எடம் வட்டமா தெரிஞ்சிச்சு. அதையும் நாந்தான் தொடைச்சேன்.

பால வூட்டுக்கு எடுத்தாந்து டீ போட்டேன். குடிக்க முடியல.

அப்பப் பாத்து பையன் வீடியோ கால்ல வந்தான். "இன்னாம்மா, கழுத்துல நரம்பு இப்டிப் பொடைச்சிருக்கு?"

"சிரிச்சிக்கினு இருந்தேன்டா"ன்னேன்.

நம்பிட்டான்.